ஏழாம் நம்பர் ஒட்டிக்கொண்டது

டெஸ்டர் என்று அவருக்குப் பெயர் வைத்தது நான்தான். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு டெஸ்டரைக் குத்திக்கொண்டு திரிவார். புதுச் சட்டை போட்டு வந்த நாளிலும் அது இருந்தது. "கல்யாணம் பண்ணிக்கப் போனாலும் இதைத்தான் நீட்டுவீங்க போல" என்றேன். "ஷாக் அடிக்குதான்னு முதல்லயே பாத்துக்கிறது நல்லதுதானேக்கா" என்றார். அன்றிலிருந்து தொழிற்சாலை முழுக்க டெஸ்டர் என்றே ஆகிவிட்டது. அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

பெயின்ட் டப்பாவுக்கு மூடி அடிக்கிற தொழிற்சாலை. நான் ஸ்டோரில் இருந்தேன். என் ஸ்டோருக்கும் அவருடைய எலக்ட்ரிக்கல் ரூமுக்கும் நடுவே பாதி உயரத்துக்கு ஒரு பிளைவுட் தடுப்பு. அவர் தும்மினால் நான் இந்தப் பக்கம் திட்டுவேன். நான் போனில் யாரையாவது வறுத்தெடுத்தால் அவர் அந்தப் பக்கம் சிரிப்பார். பதினைந்து வருஷம் இப்படியே ஓடியது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், அதில் ஒளிவுமறைவில்லை. அவருக்கு வாய் என்று ஒன்று இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும். ஆனால் மிஷினோடு மட்டும் பேசுவார். "என்ன கோவம் இப்போ? நேத்து நல்லாத்தானே இருந்தே?" என்று பேனலுக்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்பார்.

அவருக்குக் குடும்பம் என்று இருந்தது ஒரே தங்கை. அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தடுத்த வருஷம் போய்விட, பத்து வயதுத் தங்கையை இவர்தான் வளர்த்தார். படிக்க வைத்தார். எங்கள் லைனில் ஆப்பரேட்டராக இருந்த ஒரு நல்ல பையனைத் தானே பார்த்துத் தானே கட்டி வைத்தார். அந்தப் பையனை இவர் "மாப்ள, மாப்ள" என்று கூப்பிட, கூட வேலை செய்தவர்களும் மாப்பிள்ளை என்றார்கள். கடைசியில் மேனேஜரே ஒரு நாள் மைக்கில் "மாப்பிள்ளை உடனே ஆபீசுக்கு வரவும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். டெஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தங்கை வீட்டு மாடியில் ஒற்றை அறை. கீழேயிருந்து சாப்பாடு வரும். தங்கையின் பெண் குழந்தை படி ஏறி வந்து "மாமா, அம்மா கூப்பிடுது" என்று கத்துகிற கத்தலைப் பற்றி மட்டும் என்னிடம் பத்து நிமிஷம் பேசுவார். வேறு எதைப் பற்றியும் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

வேலையில் அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. லைன் நின்றுவிட்டால் மேனேஜர் குதிப்பார். இவர் பேனல் கதவைத் திறந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அங்கே மினுக்குகிற சின்ன விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கன்ட்ரோலர் என்று ஒரு பெட்டி. அதுதான் லைனுக்கு மூளை. எந்த வால்வு திறக்கணும், எந்த மோட்டார் ஓடணும் என்று அது முடிவு பண்ணும். ஆனால் அதற்குக் கை கிடையாது. அதன் ஓரத்தில் செருகியிருக்கும் கார்டில் பதினாறு குட்டி ரிலே இருக்கும், அவைதான் கை. ஒவ்வொரு ரிலேக்கும் நேராக ஒரு விளக்கு. எரிந்தால் வேலை செய்கிறது, அணைந்தால் நின்றுவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"அதுதான் தப்புக்கா" என்று ஒரு நாள் தடுப்புக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னார். "விளக்கு அணைஞ்சா, பெட்டி 'நிறுத்து'ன்னு சொல்லிடுச்சுன்னுதான் அர்த்தம். ரிலே நிறுத்துச்சான்னு அதுக்குத் தெரியாது. உள்ள ரெண்டு தகடு தொட்டுத் தொட்டுப் பிரியணும். பொறி பறந்து பறந்து ஒரு நாள் உருகி ஒட்டிக்கும். அப்போ விளக்கு அணைஞ்சிருக்கும், கரண்ட் போயிட்டே இருக்கும்."

"புரியல."

"மேனேஜர் நிறுத்துன்னு சொல்றது வேற, நீங்க வாயை நிறுத்துறது வேற. அப்படித்தான்."

கையில் கிடைத்த பேப்பர் வெயிட்டை ஓங்கினேன். சிரித்துக்கொண்டே தலையை இழுத்துக்கொண்டார்.

அந்த ஒட்டல்தான் எங்கள் லைனில் வந்தது. கார்டில் ஏழாம் நம்பர் ரிலே. அது புஷருக்குக் காற்று விடுகிற வால்வைத் திறக்கும். புஷர் என்பது கட்டை மாதிரி ஒரு இரும்பு. டப்பாவை மூடி அடிக்கிற தலைக்குக் கீழே தள்ளிவிட்டு, காற்று நின்றதும் பின்னால் வரும். ஒரு நாள் அது பின்னால் வராமல் நின்றது. இவர் போய்ப் பார்த்தார். விளக்கு அணைந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் கார்டை லேசாக இரண்டு தட்டுத் தட்டினார். 'டிக்' என்று தகடு பிரிந்தது, புஷர் பின்னால் வந்தது. காரணத்தையும் அன்றைக்கே கண்டுபிடித்தார். வால்வின் காயிலில் பொறியை அடக்குவதற்காக வைத்திருந்த ஒரு துண்டுப் பாகம் எரிந்துபோயிருந்தது. அதை மாற்றினார். ஆனால் ரிலேயின் தகடு அதற்குள் குழி விழுந்து கெட்டுவிட்டது. கார்டையே மாற்றினால்தான் சரியாகும்.

என்னிடம் வந்தார். புது கார்டு ஒன்று என் அலமாரியில் இருந்தது. பாலித்தீன் உறை பிரிக்காமல், மேல் தட்டில். எங்கிருக்கிறது என்று எனக்கு இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு காட்ட முடியும்.

"அக்கா, அந்த அவுட்புட் கார்டு வேணும்."

"பழசு செத்துப்போச்சா?"

"சாகல. அப்பப்ப ஒட்டிக்குது."

"செத்தா வாங்க."

மேனேஜரின் உத்தரவு அப்படி. பழசைக் கொடுத்தால்தான் புதுசு; பழசும் முழுசாகச் செத்திருக்க வேண்டும். காகிதத்தில் இல்லாத உத்தரவு, வாயால் சொன்னது. ஆனால் 'செத்தா வாங்க' என்பது என் சொந்தச் சரக்கு. சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவரும் சிரித்தார். "சரி, ஓட்டிக்கிறேன்" என்று போய்விட்டார். மறுபடி கேட்கவில்லை. எழுதியும் கொடுக்கவில்லை. மாதா மாதம் சோதனைப் பதிவேட்டில் 'ரிலேக்கள்: சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். சரியில்லை என்று எழுதினால் ஏன் சரியில்லை என்று மூன்று பேருக்குப் பதில் சொல்ல வேண்டும், எட்டு வருஷத்துப் பதிவேட்டைப் புரட்டினாலும் 'சரி' தவிர வேறு வார்த்தை இருக்காது.

இனி 'போச்சா' பற்றிச் சொல்ல வேண்டும். டப்பா கோணலாகப் போய் மாட்டிக்கொள்வது எங்கள் லைனில் தினப்படிக் கூத்து. மாட்டியதைக் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் பின்பக்கம் போய்க் காற்றுக் குழாயை அடைக்க வேண்டும் என்று சுவரில் பலகை தொங்குகிறது. அடைத்துத் திறந்தால் லைன் பழையபடி ஓட இருபது நிமிஷம் பிடிக்கும். இருபது நிமிஷம் போனால் மேனேஜர் உயிரை எடுப்பார். அதனால் ஆப்பரேட்டர் ஸ்டாப் பட்டனை அமுக்கிவிட்டு, மிஷினுக்குப் பின்னால் எலக்ட்ரிக்கல் ரூமில் பேனலருகே நிற்பவரைப் பார்த்து "போச்சா?" என்று கத்துவார். அவர் விளக்கைப் பார்த்துவிட்டு "போச்சு!" என்பார். கை உள்ளே போகும். புஷரைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடியாதா என்றால், முடியாது. டப்பா நசுங்கி மாட்டினால் காற்று போன பிறகும் புஷர் முன்னாலேயே இறுகி நிற்பதுண்டு. ஆகவே 'போச்சா, போச்சு' ஒன்றுதான் வழி. வருஷக்கணக்கில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஏழாம் நம்பர் ஒட்ட ஆரம்பித்த பிறகு டெஸ்டர் ஒரு வேலை செய்தார். யாராவது 'போச்சா' என்றால், விளக்கைப் பார்ப்பார், கார்டைத் தட்டுவார், பிறகுதான் 'போச்சு' என்பார். எட்டு மாதம் இதைத் தவறாமல் செய்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்: 'போச்சா', இரண்டு தட்டு, 'போச்சு'. அவர் லீவு போடவே பயந்தார் என்று இப்போது நினைத்துப் பார்க்கும்போது தெரிகிறது. ஜுரத்தோடு வந்து நின்ற நாளெல்லாம் உண்டு. அன்றைக்கு "பெரிய கடமை வீரர்" என்று கிண்டல் பண்ணினேன்.

விபத்து நடந்தது காலை பதினோரு மணிக்கு. டீ குடித்துவிட்டு எல்லோரும் திரும்பியிருந்த நேரம். டப்பா மாட்டியது. மாப்பிள்ளை ஸ்டாப்பை அமுக்கினார். "போச்சா மச்சான்?" என்று கத்தினார். எனக்குக் கேட்டது. "போச்சு மாப்ள!" என்று டெஸ்டர் கத்தியதும் கேட்டது. நடுவில் தட்டுகிற சத்தம் கேட்கவில்லை. நான் ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று குறைகிறதே என்று ஒரு கணம் தோன்றியது, அது என்ன என்று யோசிப்பதற்குள் அலறல் வந்துவிட்டது.

காற்று போகவே இல்லை. புஷர் முழு அழுத்தத்தோடு நசுங்கிய டப்பாவை முட்டிக்கொண்டு நின்றிருந்தது. மாப்பிள்ளை டப்பாவை உருவியதும், தடை விலகி, இரும்பு பாய்ந்து கையை அடித்து அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்றவன் சிவப்புப் பட்டனை அறைந்தான். அந்தப் பழைய மிஷினில் சிவப்புப் பட்டன் மோட்டாரைத்தான் நிறுத்தும், காற்றை நிறுத்தாது. டெஸ்டர் கார்டைத் தட்டினார். தட்டவில்லை, குத்தினார். 'டிக்'. புஷர் பின்னால் வந்தது. மாப்பிள்ளை கீழே உட்கார்ந்தார். வலது கையில் கட்டைவிரல் ஒன்றுதான் விரலாக இருந்தது. மற்ற நான்கைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

"ஏன் தட்டல?" என்று அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டேன். அவருடைய சட்டையெல்லாம் ரத்தம், காய்ந்து விறைத்திருந்தது.

"தெரியலக்கா. மூணு வாரமா ஒட்டவே இல்ல. விளக்கு அணைஞ்சிருந்துது. வாய் தானா சொல்லிடுச்சு." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார். "வாய் தானா சொல்லிடுச்சு."

உள்ளே கட்டிலில் கிடந்த மாப்பிள்ளை அதற்குள் ஒரு பெரிய காரியம் செய்து முடித்திருந்தார். மேனேஜர் வாக்குமூலம் வாங்கப் போனபோது, "மச்சான் என்ன சொன்னார்னு சரியா காதுல விழல. நானா கையை விட்டுட்டேன்" என்று சொல்லி, இடது கையால் ஒரு கிறுக்கலும் போட்டுக் கொடுத்துவிட்டார். மச்சான் வேலை போய்விடக்கூடாது என்று. மடையன்! அப்படிப்பட்ட தங்கமான மடையனை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. அந்தக் கிறுக்கலால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. மிஷின் கோளாறு என்று அறிக்கை வந்தால், உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது ஒன்றைத் தொழிற்சாலை அவனுக்குக் கொடுத்தே ஆக வேண்டும், வயது முடியும் வரைக்கும். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று வந்தால் வெளியே போக வேண்டியதுதான். நான்கு விரல் இல்லாத ஆப்பரேட்டரை எந்தத் தொழிற்சாலைக்காரன் வாசலில் நிற்க விடுவான்?

விசாரணை அதிகாரி முதல் நாள் வந்து கார்டை ஐம்பது தடவை போட்டு நிறுத்திப் பார்த்தார். ஐம்பது தடவையும் ஒழுங்காகப் பிரிந்தது. பிரியாமல் என்ன செய்யும், அதுதான் குத்து வாங்கியிருந்ததே. ஒன்பது நாளில் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் அன்றே சுவரெல்லாம் புதுப் பலகை மாட்டினார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற ஜென்மம்.

டெஸ்டருக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. ஏழாம் நம்பர் மறுபடி ஒட்ட வேண்டும், அதிகாரியின் கண்ணெதிரில் ஒட்ட வேண்டும். லைன் நிறுத்திக் கிடந்தது. பேனலில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். ஒரு விநாடி போடு, ஒரு விநாடி நிறுத்து. காலை எட்டு மணிக்கு ஆரம்பிப்பார். டிக், டிக், டிக். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். சூடானால் ஒட்டலாம் என்று பேனலுக்குள் ஒரு குண்டு பல்பைப் போட்டுக் கதவைச் சாத்தினார். எரிந்துபோன அந்தப் பொறி அடக்கும் பாகத்தை மறுபடி மாட்டி, பொறி நன்றாகப் பறக்கட்டும் என்று விட்டார். பதினைந்து வருஷமாக எது கெட்டாலும் சரிபண்ணியவர், ஒன்றைக் கெடுக்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"ஆயுசுல முதல் தடவையா ஒரு மிஷின் ரிப்பேராகணும்னு வேண்டிக்கிறேன்க்கா" என்றார். கண் சிவந்திருந்தது.

"ஆகும், ஆகும். கெட்டதுதானே, கேட்டா உடனே வரும்" என்றேன். நான்கு நாள் அதுவும் வரவில்லை.

ஐந்தாம் நாள் பகல் ஒட்டியது. டிக் சத்தம் நின்றுபோயிற்று. அவர் எழுந்து ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் அன்றுதான் பார்த்தேன். மேனேஜரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தார். மேனேஜர் எலக்ட்ரிக்கல் ரூமின் இரும்புக் கதவைத் தள்ளித் திறந்தார், அது சுவரில் போய் மோதியது. அந்த அதிர்வு போதும். 'டிக்' என்று ஒன்று கேட்டது.

"எங்கய்யா ஒட்டியிருக்கு?" என்றார் மேனேஜர்.

"இப்போ வரைக்கும் ஒட்டியிருந்துது சார். கதவு..."

"போய்த் தூங்குய்யா. உன் மூஞ்சியைப் பாத்தாலே பயமா இருக்கு."

அதற்குப் பிறகு அது ஒட்டவே இல்லை.

ஒன்பதாம் நாள் விசாரணை, மேனேஜர் அறையில். அதிகாரி, மேனேஜர், டெஸ்டர், நான். சாமான் கொடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். நான் அதை மார்போடு அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். டெஸ்டர் கார்டைப் பிரித்துத் தகடுகளைப் பாருங்கள் என்று கெஞ்சினார். பிரித்தார்கள். கரி இருந்தது, குழி இருந்தது. "ஓடுற ரிலே எல்லாத்துலயும் இது இருக்கும்" என்றார் அதிகாரி. அவர் கெட்டவர் இல்லை. தலைவலி பிடித்த மனிதர் மாதிரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"'போச்சு'ன்னு சொன்னீங்க. எது போச்சு?"

"விளக்கு போச்சு சார்."

"அவர் எதுன்னு நினைச்சார்?"

"காத்து போச்சுன்னு."

"இந்த 'போச்சு'ங்கிறது உங்க விதிமுறைல எங்க இருக்கு?"

டெஸ்டர் கட்டிக்கொண்டிருந்த கையை அவிழ்த்தார். "சார், அது ஒட்டும்னு எனக்கு எட்டு மாசமாத் தெரியும். தட்டித் தட்டி ஓட்டிட்டிருந்தேன். அன்னைக்குத் தட்டாம சொல்லிட்டேன். அவர் மேல தப்பே இல்ல. எல்லாம் என் தப்பு. அப்படி எழுதிக்குங்க" என்றார். அழுதுகொண்டு சொல்லவில்லை. மிஷின் பழுதை விவரிக்கிற அதே குரலில் சொன்னார்.

மேனேஜர் சிரித்தார். "தானாடாட்டாலும் தன் சதை ஆடும் சார். தங்கச்சி வீட்டுக்காரர். தன் தலையைக் கொடுத்தாவது காப்பாத்தத்தானே பாப்பாரு?"

அதிகாரி பதிவேட்டைத் திருப்பி வைத்தார். எட்டு மாதம், எட்டுக் கையெழுத்து. 'ரிலேக்கள்: சரி.' "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"எழுத்துல எதுவும் இல்ல. சரி, வாயாலயாவது சொன்னீங்களா? கோளாறு இருக்கு, கார்டு மாத்தணும்னு யார்கிட்டயாவது கேட்டீங்களா? ஒரு சாட்சி இருந்தாக்கூட நான் மிஷின் கோளாறுன்னு எழுதலாம். எனக்கும் அந்த ஆளைப் பாத்தா கஷ்டமாத்தான் இருக்கு."

அந்த அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. டெஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. எனக்கு ரிட்டயர் ஆக ஒன்றரை வருஷம் இருந்தது. நான் தனிக்கட்டை. கார்டை அலமாரியில் வைத்துக்கொண்டே கொடுக்காமல் அனுப்பினேன் என்று தெரிந்தால், வாயால் போட்ட உத்தரவை மேனேஜர் ஒப்புக்கொள்வாரா? என் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். இதெல்லாம் பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்த காரணங்கள். அந்த நிமிஷத்தில் இருந்தது பயம் மட்டும்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"யார்கிட்டயும் சொல்லல சார்" என்றார் டெஸ்டர்.

பொய். பதினைந்து வருஷத்தில் அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது. அதை எனக்காகச் சொன்னார். தன் தங்கை புருஷனின் பிழைப்பு அந்த ஒரு வார்த்தையில் தொங்குகிறது என்று தெரிந்தும், என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை. நானாகச் சொல்லட்டும் என்று விட்டாரோ என்று சில நாள் தோன்றும். நான் ஃபைலை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதிகாரி இரண்டு நிமிஷம் காத்திருந்தார். அப்புறம் பேனா மூடியைத் திறந்தார்.

கவனக்குறைவு என்று எழுதினார். அடுத்த வாரம் மாப்பிள்ளையின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். டெஸ்டருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட வரவில்லை, அவர் சொன்னதை யாரும் நம்பவில்லையே! நம்பியவள் ஒருத்திதான். விசாரணையில் என்ன சொன்னார் என்று அவரே போய்த் தங்கையிடம் சொன்னார். அவள் அதுவரை அதை நொடிப் பிசகு என்று நினைத்திருந்தாள். பிசகு யாருக்கும் வரும், மன்னித்துமிருந்தாள். எட்டு மாதம் என்பது அவளுக்குப் புதுசு.

"எட்டு மாசமாவா?" என்று கேட்டாளாம். "எட்டு மாசம் அவர் தினம் கையை விட்டிருக்கார். நீ தினம் ராத்திரி எங்க வீட்டுல சாப்பிட்டுருக்கே. ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'மாப்ள, பாத்து'ன்னு சொல்ல உனக்கு வாய் வரலையா அண்ணா?"

இதை அவர்தான் என்னிடம் சொன்னார், வேலையை விட்டுப் போகிற அன்று, தடுப்புக்கு மேலே தலையை நீட்டாமல், அந்தப் பக்கமிருந்தே. மாடி அறையை முந்தின நாளே காலி பண்ணிவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. மூன்று நாளாகக் கீழேயிருந்து சாப்பாடு மட்டும் வந்ததாம். குழந்தையின் குரல் வரவில்லை.

"சொன்னா பயந்துக்குவானேன்னு சொல்லலக்கா. நான் பாத்துக்கலாம்னு நினைச்சேன்."

"நான் அங்க சொல்லியிருக்கணும், தம்பி." பதினைந்து வருஷத்தில் முதல் முறையாகத் தம்பி என்றேன்.

"விடுங்கக்கா. உங்களுக்கு யாரு இருக்கா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது ஊரின் வேறொரு மூலையில் மின்விசிறி, மிக்ஸி ரிப்பேர் பார்க்கிற ஒரு இடுக்கில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு முறை தேடிப் போனேன். நன்றாக இளைத்திருந்தார். ஒரு மின்விசிறியைச் சரிபண்ணி முடித்து, சுவிட்சை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ஒயரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, அதற்கப்புறமும் அதைத் தொட முடியாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் "என்னங்க, முடிஞ்சுதா?" என்று இரண்டு தடவை கேட்டார். நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

ரிட்டயர் ஆன மறுவாரம், தைரியத்தை எல்லாம் வரவழைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? வேலை முடிந்துவிட்டது, மேனேஜர் என் தலைமயிரைக்கூடத் தொட முடியாது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பஸ்ஸில் ஒத்திகைகூடப் பார்த்தேன். இதை இப்போதாவது எழுதுகிறேனே என்று யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம்.

தங்கை டீ போட்டுக் கொடுத்தாள். அவள் இப்போது வீட்டிலேயே தையல் தைக்கிறாள். மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்து பட்டன் துளைகளை இடது கையால் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வலது கை மேசை மேல் துணியை நகராமல் அழுத்திக்கொண்டு இருந்தது. நான் அதைப் பார்க்காமலிருக்கப் பார்த்தேன். குழந்தை உயரமாகிவிட்டது. என்னைத் தெரியவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்றாள் தங்கை. "எனக்கு ராத்திரியெல்லாம் இதே நினைப்புதான். எங்கண்ணன் அவ்ளோ பெரிய விஷயத்தை எட்டு மாசம் மனசுக்குள்ளயே வெச்சிருந்திருக்கும்னு என்னால நம்பவே முடியல. நீங்க பக்கத்து ரூம்தானே? உங்ககிட்டயாவது அது சொல்லுச்சா? கார்டை மாத்தணும்னு ஒரு வார்த்தை யார்கிட்டயாவது கேட்டிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறிடும். 'சரி, அது முயற்சி பண்ணியிருக்கு, கிடைக்கல'ன்னு நான் இன்னைக்கே போய் அதைக் கூட்டிட்டு வந்துடுவேன். இவரும் அதையேதான் சொல்றார்."

மாப்பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். துணியை அழுத்திக்கொண்டிருந்த கை கொஞ்சம் முன்னால் நகர்ந்து வந்தது.

"இல்லம்மா" என்றேன். "எங்கிட்ட எதுவும் கேட்டதில்ல."